ஏரிக்குப் போகும் சோறு

வளவமேட்டுக் கோயிலின் வடக்கு மண்டபத்தில், ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி மடித்து, உள்ளங்காலில் தைத்த முள்ளைப் பிடுங்கப் பார்த்தபடி ஆயிரம் வருஷமாகத் தூணோடு தூணாக நின்றிருந்த கல்பெண்ணின் முள்ளை, மணப்பாறையிலிருந்து சுற்றுலா வந்த தையல்காரி தனபாக்கியம் பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஊசியால் எடுத்துவிட்டாள். அப்படித்தான் அது நடந்தது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

வளவமேட்டுக்கு ஒருகாலத்தில் வளவன்மாநகர் என்று பேர். யானை கட்ட ஒரு தெரு, முத்து விற்க ஒரு தெரு, பூத் தொடுக்க ஒரு தெரு என்று நாலு திசைக்கும் ஓடிய தலைநகரம் இப்போது ஒரு டீக்கடை, ஒரு ரேஷன் கடை, பேருந்து நின்றாலும் நிற்கும் நிற்காமலும் போகும் ஒரு நிறுத்தம் என்று சுருங்கிக் கிடந்தது. அரண்மனை இருந்த மேட்டில் கடலை போட்டிருந்தார்கள். கொல்லையில் எங்கே கடப்பாரையை இறக்கினாலும் அகலச் செங்கல் வந்தது. ஊரில் பாதி வீடு அந்தச் செங்கல்லில் நின்றது. கோயிலில் கோபுரம் சரிந்து, கருவறை காலியாகி, மண்டபங்கள் மட்டும் மிச்சம் நின்றன. அந்த மண்டபங்களைப் பார்க்கத்தான் ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள்.

வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டிக் கதை சொல்ல தனிஸ்லாஸ் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு உதவுவதும் மற்ற நாட்களில் சிவன் கோயிலில் கதை சொல்வதும் அவருக்கு வழக்கம். இரண்டிலும் ஒரே குரல்தான். வடக்கு மண்டபத்துக் கல்பெண்ணிடம் வந்ததும் குரலை இறக்கி, இவள் ஒரு இளவரசி, கடல் தாண்டிப் போருக்குப் போன இளவரசனுக்காகக் காத்திருக்கிறாள், காலில் தைத்தது காதல் முள், பக்கத்தில் இருக்கும் கலயத்தில் இருப்பது சந்தனம் என்று சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவராகவே கட்டிய கதைதான். ஆனால் அதைக் கேட்டுக் கண் கலங்காமல் போன கூட்டம் இல்லை என்பதால் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார். ஊர்க்காரர்களுக்கு அவள் இளவரசியெல்லாம் இல்லை, முள்ளம்மா. காட்டில் முள் குத்தினால் வந்து அவள் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டுப் போவார்கள், இவர்கள் காலில் வலி நின்றுவிடும். அவள் காலில் மட்டும் நிற்கவே இல்லை.

மணப்பாறைத் தையல்காரர்கள் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, முகூர்த்தம் குறைந்த நாளாகப் பார்த்து, மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டுவிட்டு எங்காவது போய்வரும். அந்த வருஷம் செயலாளர் பன்னீர்செல்வம் வளவமேடு என்றார். தனபாக்கியம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் மூன்றடுக்குத் தூக்குக்கேரியரை வைத்துக்கொண்டு வந்தாள். மதியம் ஓட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, எதற்கு இதைச் சுமக்கிறீர்கள் என்று பன்னீர்செல்வம் கேட்டதற்கு, கை பழகிப்போச்சு என்று மட்டும் சொன்னாள். ஒரு ஆளுக்கு உலை வைக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. வைத்தால் இரண்டு பேருக்கு ஆகும் சோறாகவே வெந்தது. மிச்சம் பெரும்பாலும் காக்கைக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் போகும்.

தனிஸ்லாஸ் கதையை முடித்ததும் கூட்டம் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நந்தியைப் பார்க்க நகர்ந்தது. தனபாக்கியம் நகரவில்லை. தூக்கிய பாதம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. எத்தனையோ வருஷத்து விளக்கெண்ணெய் பட்டுப் பளபளத்த அந்த உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, செதுக்கியதாக இல்லாமல், கல்லுக்குள்ளேயே கறுப்பாக ஒரு நுனி தெரிந்தது. பொத்தானுக்குக் காஜா எடுத்து எடுத்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. சேலைத் தலைப்பில் குத்தி வைத்திருந்த ஊசியை உருவினாள். முள் குத்திய பிள்ளைகளிடம் சொல்வதைப் போல, இரு, அசையாதே, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இடது கட்டைவிரலால் அழுத்தி, ஊசியால் மெல்ல நெம்பினாள். ஒரு கருவேல முள் வந்தது. அதன் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. கல்பெண் உதட்டைக் கடித்து உஸ்ஸென்று மூச்சை இழுத்து, அந்த மூச்சை நீளமாக விட்டு, தூக்கிய காலை மெதுவாக இறக்கி, முதலில் விரல்களை, பிறகு குதிகாலை, தரையில் ஊன்றினாள்.

"புழுதி ஒட்டும்மா, இப்பவே அழுத்தாதே," என்றாள் தனபாக்கியம்.

தொட்டால் விடியற்காலைச் செப்புக்குடம் போலச் சில்லென்று இருந்தாள். பங்குனி வெயில் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. முதலில் கை, பிறகு தோள், கடைசியாக முகம் என்று சாம்பல் நிறம் மாறி மாநிறமாயிற்று. சேந்தி என்று பேர் சொன்னாள். பேசினது தமிழ்தான். நாகர்கோவில் பக்கத்துச் சம்பந்தி பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை நழுவிப் போகுமே, அவ்வளவுதான் நழுவியது.

நந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தையல்காரர்கள், தூணை விட்டு இறங்கி நிற்கிறவளைப் பார்த்ததும் முதலில் கவனித்தது அவளுக்கு ரவிக்கை இல்லை என்பதைத்தான். அடுத்த நிமிஷம் ஆண்கள் எல்லோரும் நந்திப் பக்கம் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருத்தி இஞ்சு டேப்பை எடுத்தாள். ஒருத்தி மகளுக்கு என்று வழியில் வாங்கியிருந்த மாம்பழ மஞ்சள் துணியைப் பையிலிருந்து எடுத்தாள். மண்டபத் தரையிலேயே துணியை விரித்து, சோப்புத் துண்டால் கோடு போட்டு வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கைத்தையலில் உட்கார்ந்தார்கள். கை நீளம் முழங்கைக்கு மேலா கீழா என்று ஒரு சண்டை வந்தது. கழுத்து இறக்கத்துக்கு இன்னொரு சண்டை. சேந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கண் மட்டும் மண்டபத்துக்கு வெளியே, வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வந்தது. மற்ற யாரும் அதைக் கவனிக்கவில்லை, தனபாக்கியம் கவனித்தாள்.

காவலாளி கலியமூர்த்தி வந்து வெறும் தூணைத் தடவிப் பார்த்தார். பொறுப்பு தன்னுடையதாயிற்றே என்று மேலிடத்துக்குப் போன் போட்டார். தூணுக்கு ஏதாவது சேதமா என்று கேட்டார்கள். இல்லை, வழவழவென்று இருக்கிறது என்றார். யாராவது பெயர்த்து எடுத்தார்களா என்று கேட்டார்கள். தானாகத்தான் இறங்கினாள் என்றார். அப்படியானால் வயசு வந்த பெண் தன் இஷ்டத்துக்கு இறங்கிப் போவதில் நமக்கு என்ன இருக்கிறது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கலியமூர்த்தி நிம்மதியாகி, எல்லோருக்கும் டீ சொன்னார். டீக்கடையிலிருந்து சேதி தெருவுக்குப் போய், ஊரே திரண்டு வந்தது. முள்ளம்மாவுக்கு ஒருவழியாக முள்ளை எடுத்தாகிவிட்டது என்று கேட்டுப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். மஞ்சள் அரைத்து வைத்தார்கள். இத்தனை வருஷம் நம்ம வலியையும் சேர்த்துத் தாங்கினாளே என்று ஒருத்தி அழுதாள். இனிமேல் நமக்குக் குத்தினால் யாரிடம் போவது என்று இன்னொருத்தி கவலைப்பட்டாள். ஆளுக்கு ஒரு ஊசி வைத்துக்கொள்ளுங்கள் என்று தையல்காரர்கள் பையைத் திறந்து ஊசி கொடுத்தார்கள்.

அப்புறம் அவளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், பொறுமையாக நிற்கத் தெரிந்தவளுக்கு உட்காரத் தெரியாதா, மாசத்துக்குள் மிஷின் மிதிக்கப் பழக்கிவிடலாம் என்றார் பன்னீர்செல்வம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகனுக்கு இந்த மாதிரி அடக்கமான பெண்ணைத்தான் தேடுகிறேன் என்றாள் ஒருத்தி. ஊர்க்காரர்கள், அதெப்படி, எங்கள் பெண்ணை நாங்கள் அனுப்ப மாட்டோம் என்றார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் பிறந்த தேதிக்கு என்ன போடுவது என்று ஒரு மூலையில் யோசனை நடந்தது. தனிஸ்லாஸ் மட்டும் ஒரு படியில் உட்கார்ந்து, நாளை முதல் இந்தத் தூணின் முன்னால் என்ன சொல்வேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

சேந்தி மாம்பழ மஞ்சள் ரவிக்கையோடு நடுவில் நின்றாள். தூணில் அவள் காலடியில் இருந்த கலயம் இப்போது அவள் இடுப்பில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த தனபாக்கியத்துக்குச் சந்தனம் தெரியவில்லை. சோற்றுப் பருக்கை பருக்கையாகப் பொடிக்கல்தான் தெரிந்தது.

"ஏம்மா சேந்தி, நீ எங்கே போய்க்கிட்டிருந்தே?"

அவ்வளவு நேரமாக அதை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். மன்னர் பெரிய ஏரி வெட்டுகிறார், அவள் புருஷன் காரி அங்கே மண் வெட்டுகிறான், விடியலில் நீராகாரம் குடித்துவிட்டுப் போனவனுக்கு மதியச் சோறு கொண்டு போனாள். கோயில் பக்கம் வரும்போது முள் தைத்தது. கலயத்தை இறக்கி வைத்துவிட்டுக் காலைத் தூக்கினாள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த சிற்பி ஒருவர், அப்படியே கொஞ்சம் இரு தாயே என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று இருந்தாள்.

"அவருக்குப் பசிக்கும்," என்றாள் சேந்தி. மறுபடியும் வெயிலைப் பார்த்தாள்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னீர்செல்வம் தனபாக்கியத்தைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டு, ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது என்பதை யாராவது ஒரு பொம்பளைதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். தனபாக்கியத்தின் மனசுக்குள் மணப்பாறை பஸ் ஸ்டாண்டு வந்து நின்றது. புருஷன் மாசிலாமணி ஊருக்கு வெளியே மர அறுப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்யாணமான மறுநாளிலிருந்து மதியச் சோற்றை அவள்தான் கொண்டு போவாள். ஓர் ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு மதியம், இதே கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோதுதான் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு, வீட்டுக்கு, காட்டுக்கு என்று எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு பார்த்தால், கேரியர் மூலையில் அப்படியே இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"ஏரி இன்னும் இருக்கா?" என்று தனிஸ்லாஸிடம் கேட்டாள்.

இருக்கிறது என்றார் அவர். பாதிக்கு மேல் தூர்ந்து, கருவை மண்டிக் கிடக்கிறது. பஸ்ஸில் போனால் டீ குடிக்கிற நேரம்தான்.

"அப்ப வாங்க போவோம். அவ சோறு குடுக்கணும்."

அடுத்தது மியூசியம், அதற்கப்புறம் ஓட்டலில் சாப்பாடு, நேரம் தப்பினால் எல்லாம் தப்பும் என்று பன்னீர்செல்வம் சொன்னது உண்மைதான். தனபாக்கியம் அதற்குள் தரையில் உட்கார்ந்து கலயத்திலிருந்த பொடிக்கல்லைக் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் உள்ளே துடைத்துவிட்டு, கேரியரைத் திறந்து புளிச்சோற்றை அள்ளி வைக்கத் தொடங்கியிருந்தாள். வைத்து முடித்து, மேலே கத்தரிக்காய் வதக்கலை வைத்து, வாழை இலைக் கிழிசலால் மூடினாள். கலயம் சரியாக நிறைந்தது. பன்னீர்செல்வம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

பஸ்ஸில் சேந்தி தனபாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குலுங்கினால் சிந்துமே என்று கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோட்டை மதில் இருந்த இடத்தில் மதில் இல்லை, முத்துத் தெருவில் முத்து இல்லை, எங்கும் முந்திரியும் சவுக்கும் தைலமரமுமாக இருந்தது. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. ஊர் மாறிவிட்டது என்று நினைத்தாளோ, பஸ் வேறு வழியாகப் போகிறது என்று நினைத்தாளோ. தனபாக்கியத்துக்குத்தான் கவலை பிடித்தது. அங்கே போய் வெறும் பொட்டலைப் பார்க்கப் போகிறாள், அப்போது இந்தக் கலயத்தை எங்கே வைப்பாள், அதை நான் எப்படிப் பார்ப்பேன் என்று. வேண்டாம், திருப்பச் சொல்லலாம், என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், இரண்டு பேருக்குத்தானே சமைக்கிறேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு நெஞ்சுக்குள் இனிப்பாக இறங்கியது. அவள் சேந்தியின் பக்கம் திரும்பினாள். சேந்தி கலயத்தின் மேல் மூடியிருந்த இலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தனபாக்கியம் இலையின் மறுமுனையை மடித்துக் கொடுத்தாள்.

கரை மேல் பஸ் நின்றது. கண்ணுக்கு எட்டின மட்டும் ஏரி வறண்டு, வெடித்துக் கிடந்தது. அதற்குள்ளே, கருவை மர நிழல் நிழலாக, நூறு நாள் வேலைக்கு வந்த ஜனங்கள் மண்வெட்டிகளைச் சாய்த்து வைத்துவிட்டு, தலைச்சும்மாட்டை உதறி விரித்து, தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஏரி தூர் வாருகிறார்கள். காலையிலிருந்து வெட்டிய குழிகள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. சேந்தி கரையிலிருந்து விறுவிறுவென்று இறங்கினாள். தெரிந்த வழியில் போகிறவளின் நடை. தனபாக்கியம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

முதல் நிழலில் இருந்தவர்களிடம், காரி எங்கே என்று சேந்தி கேட்டாள். அவர்கள் வாயில் சோற்றோடு அடுத்த நிழலைக் கை காட்டினார்கள். அடுத்த நிழலில் ஒருவர், காரியா, மடைப் பக்கம் வெட்டிக்கிட்டிருந்தானே என்றார். அந்தப் பேரை அதுவரை கேட்டதே இல்லை என்று வேலைக்குப் பொறுப்பாக நின்ற பெண் பிற்பாடு சொன்னாள். கேட்காமல் என்ன, தினமும் வருகிறவன்தானே, மதியம் எல்லோரும் சாப்பிடும்போது அவன் மட்டும் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நாங்கள் கொடுத்தாலும் வாங்க மாட்டான், வீட்டிலிருந்து வரும் என்பான் என்று அவளோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மடையின் ஓரத்தில், முழங்கால் வரை ஈரமண் அப்பி, ஏரி மண்ணின் நிறத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். இவர்கள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றான்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான். கோபம் இல்லை அதில்.

"முள் தைத்துவிட்டது," என்றாள் சேந்தி.

கலயத்தை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. குனிந்து அவள் காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்து, மஞ்சளைத் துடைத்து, கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தி, இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று பார்த்தான். நுனி எதுவும் உள்ளே நின்றுவிடவில்லை என்று தெரிந்த பிறகுதான் காலை இறக்கிவிட்டான். பிறகு மடைக்குழியில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரில் கையைக் கழுவி, உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தான். நல்ல பசி. சேந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

இப்போது அவர்கள் ஏரிக்கரைத் தெருவில்தான் இருக்கிறார்கள். மாம்பழ மஞ்சள் ரவிக்கை வெளுத்து, அதற்கப்புறம் வேறு தைத்தாகிவிட்டது. தனிஸ்லாஸ் வெறும் தூணின் முன்னால் கூட்டத்தை நிறுத்தி, இங்கே ஒருத்தி சோறு கொண்டு போகிற வழியில் நின்றாள் என்று தொடங்குகிறார். கண் கலங்குவது குறையவில்லை. கேட்டவர்களில் சிலர் ஏரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை.

ஆனால் அந்த மதியம் தனபாக்கியத்துக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பது சரியில்லை என்று திரும்பி நடந்தாள். கையில் காலிக் கேரியர் டங்கு டங்கென்று முட்டியது. கரை மேலிருந்து சங்கத்தார் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டல் சாப்பாடு தப்பிவிட்டதால் முறுக்கு, வாழைப்பழம், வழியில் வாங்கிய கடலை மிட்டாய் என்று பையில் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேலை ஜனங்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நிழலுக்கு நாலைந்து பேராகக் கலந்து உட்கார்ந்தார்கள். பன்னீர்செல்வம் யாரோ ஒருவரின் வாளி மூடியில் கம்பஞ்சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, மண்வெட்டிப் பிடியை எந்த மரத்தில் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் அக்கா நிக்கிற, இப்படி உக்காரு," என்று ஒரு பெண் தனபாக்கியத்தைக் கூப்பிட்டாள். அவள் வயசுதான் இருக்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேல் மண் படிந்த சட்டை. தன் வாளியிலிருந்து சோற்றை அள்ளி, தனபாக்கியத்தின் காலி அடுக்கிலேயே வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். தனபாக்கியம் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அந்த ருசி அவளுக்குப் புதிது. அடுத்தவர் கைச்சோறு சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் இல்லை என்றாள் தனபாக்கியம். வீட்டுக்காரர் வரலியா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லை, தவறிட்டாரு," என்றாள் தனபாக்கியம். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் அவள் வழக்கம். அன்றைக்கு நிறுத்த முடியவில்லை. "மதியச் சோத்துக்கு முன்னாடி. நான் எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கிச் சோறு அப்படியே இருந்துச்சு."

அந்தப் பெண் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். மண் ஒட்டிய இடது கையால் தனபாக்கியத்தின் முதுகைத் தடவினாள். வலது கையால் வாளியைச் சரித்து, அடியில் இருந்ததை வழித்து, இன்னொரு கவளம் அவள் அடுக்கில் வைத்தாள். கரை மேல் டிரைவர் ஹாரன் அடித்தார், யாரும் எழுந்திருக்கவில்லை. தனபாக்கியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதபடியே, நிதானமாக, அதையும் சாப்பிட்டாள்.